தொடாமல் விட்ட வெள்ளை

நேற்றுக் காலை வரைந்த படத்தைச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனவள், அப்படியே நின்று பார்த்தாள்.

"ஏம்மா, இதை முடிக்கலையா? நடுநடுவுல வெள்ளையா விட்டிருக்க?"

"அதுதான்டி வெயில்."

"வெயில் மஞ்சள்தானே?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் பாட்டிலோடு போய்விட்டாள். நான்தான் அங்கேயே நின்றேன். வெயில் மஞ்சள் என்றுதான் நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். மஞ்சளைக் கூட்டினால் வெயில் கூடும் என்று நம்பி நிறைய நல்ல தாள்களைப் பாழாக்கியிருக்கிறேன். அந்த எண்ணத்திலிருந்து என்னை மீட்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்: பால் சின்யாக், ஆன்றி எட்மோன் குரோஸ். இருவரும் நியோ இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள். புள்ளிப் புள்ளியாக எண்ணெய் வண்ணம் தீட்டியவர்கள் என்றுதான் உலகம் அவர்களை அறியும். என்னைக் கேட்டால், அவர்கள் தேடிய வெயில் அவர்களுக்கு முழுசாகக் கிடைத்தது எண்ணெயில் கிடையாது, நீர்வண்ணத்தில்தான். அதை ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். மகள் பெரியவளானதும் படிக்கட்டும்.

நாங்கள் மார்சேய் நகரத்துக்குக் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தென் பிரான்சில் மிஸ்த்ரால் என்று ஒரு காற்று உண்டு. வடமேற்கிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, கடலை நோக்கி ஓடும். குளிர்ந்த, உலர்ந்த காற்று. அது வீசிவிட்டுப் போனதும் வானத்தில் ஒரு தூசி, ஒரு ஈரப்பசை மிச்சமிருக்காது. தூரத்து மலையின் மடிப்பெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். நிழல்களுக்குக் கத்தியால் வெட்டினாற்போல ஓரம் இருக்கும். அந்த நிழல்கள் கறுப்பாகவும் இருக்காது, நீலமாக இருக்கும். முதல் வருஷம் அதை நான் கவனிக்கவே இல்லை. நிழல் என்றால் கறுப்பு கலந்த சாம்பல் என்று சின்ன வயசில் ட்ராயிங் வகுப்பில் படிந்த பழக்கம் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

வரைய ஆரம்பித்த இரண்டாம் வருஷம் சூராவின் படங்களைப் புத்தகத்தில் பார்த்து மயங்கிப்போனேன். ஜார்ஜ் சூரா 1886 மே மாதம், இம்ப்ரஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சியில், 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை' படத்தை வைத்தார். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், மூன்று மீட்டருக்கு மேல் அகலம், முழுக்கச் சின்னச் சின்னத் தீற்றல்களும் புள்ளிகளும். அதே வருஷம் ஃபெலிக்ஸ் ஃபெனெயோன் என்ற விமர்சகர் இந்தப் புதிய கூட்டத்துக்கு நியோ இம்ப்ரஷனிசம் என்று பெயர் வைத்தார். வண்ணங்களைப் பலகையில் குழைத்தால் மங்கிவிடும். குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் கண்ணிலேயே கலக்கும், ஒளி குறையாது என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. படித்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் வெயில் காயும் சுவர் ஒன்றைப் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகப் புள்ளி வைத்தேன். நிழலுக்கு ஊதா, அதன் நடுவில் மஞ்சள். மஞ்சள் வெயிலுக்கு நடுவில் கொஞ்சம் ஊதா. ஒன்றுக்கொன்று எதிர் வண்ணங்கள், ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று படித்திருந்தேன்.

முடித்துவிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தேன். சாம்பல். மழைக்கு முன்னால் இருக்கிற வானம் மாதிரி ஒரு சாம்பல் நிறச் சுவர். கிட்டப் போனால் ஒவ்வொரு புள்ளியும் ஜொலிக்கிறது, தள்ளிப் போனால் வெயில் செத்துப்போகிறது. அன்று எனக்கு அழுகை வந்தது நிஜம்.

ஏன் அப்படி ஆனது என்பது புரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதல் விஷயம் ஷெவ்ரூல் கண்டுபிடித்தது. அவர் வேதியியலாளர். பாரிசில் கோப்லான் என்ற அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைமை. கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று அங்கே புகார். அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும், எதிர் நிறங்கள் பக்கத்தில் வந்தால் இரண்டுமே கூர்மையாகும் என்று 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். நம் ஊரில் பட்டுப்புடவை எடுப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. அரக்குப் பார்டர் வைத்தால் பச்சை எப்படி எடுப்பாகத் தெரியும் என்று அம்மாவுக்கு யாரும் புத்தகம் போட்டுச் சொல்லவில்லை. ஷெவ்ரூல் நூறு வயசைத் தாண்டி வாழ்ந்தவர். 1884-ல், அவருக்குத் தொண்ணூற்றெட்டு வயசில், இருபது வயசு சின்யாக் ஒரு நண்பனோடு கோப்லானுக்குப் போய் அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அந்தச் சந்திப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இரண்டாவது விஷயம் ஆக்டன் ரூட் சொன்னது. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர், 1879-ல் வண்ணங்களைப் பற்றி எழுதியவர். வண்ணத் துண்டுகள் ஒட்டிய வட்டைச் சுழல விட்டு, கண்ணில் கலக்கும்போது என்ன நிறம் வருகிறது என்று அளந்து பார்த்தார். அந்தக் கலவை கூட்டல் இல்லை, சராசரி. மஞ்சளும் ஊதாவும் கண்ணில் கலந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒளியோடு ஒரு சாம்பல் வரும். ஆக, ஷெவ்ரூலின் கூர்மை வேண்டுமென்றால் இரண்டு நிறங்களும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ரொம்பப் பொடியாகிவிட்டால், அல்லது ரொம்பத் தள்ளி நின்றுவிட்டால், ஒன்றோடொன்று கரைந்து மங்கிவிடும். என் மூன்று வார உழைப்பு அப்படித்தான் கரைந்துபோனது. சூராவின் கூட்டாளியான சின்யாக்கே, 1890களின் கடைசியில் சூராவின் 'மாடல்கள்' என்ற பெரிய படத்தை மறுபடி பார்த்தபோது, தீற்றல்கள் இத்தனை பொடியாக இருப்பது படத்தைச் சாம்பலாக்குகிறது என்று நாட்குறிப்பில் வருத்தப்பட்டிருக்கிறார். அதைப் படித்த அன்றுதான் என் மனசு ஆறியது.

ரூட் ஓய்வு நேரத்தில் நீர்வண்ணம் தீட்டுபவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவருடைய புத்தகத்தை எண்ணெய் ஓவியர்கள் வேதம்போல வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சூரா 1891-ல், முப்பத்தொரு வயசில், திடீரென்று இறந்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு அது பெரிய இடி. அடுத்த வருஷம் சின்யாக் தன் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். படகின் பெயர் ஒலிம்பியா, ஓவியர் மானே வரைந்த படத்தின் பெயர். பிரான்சின் பிரித்தானிக் கரையிலிருந்து அட்லாண்டிக் வழியாக போர்தோ, அங்கிருந்து கால்வாய் வழியாக நாட்டைக் குறுக்கே கடந்து மத்தியத் தரைக்கடல். 1892 மே மாதம் சான் த்ரோப்பே என்ற சின்ன மீன்பிடித் துறைமுகத்தில் கரை சேர்ந்தார். இன்று கோடீஸ்வரர்களின் படகுகள் நிற்கிற அதே இடம். அன்று ரயில் போகாத, ஓவியர்கள் எட்டிப் பார்க்காத ஊர். கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார். பாரிசில் பழகிய கண்ணுக்கு அந்த வெயில் எப்படி இருந்திருக்கும்!

அங்கேதான் நீர்வண்ணம் அவர் கைக்கு வருகிறது. மூத்தவரான பிஸ்ஸாரோ, வெளியிடத்தில் குறிப்பெடுக்க நீர்வண்ணத்தைப் பயன்படுத்திப் பார் என்று சொல்லியிருந்தார். யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு கட்டாயமும் இருந்தது. புள்ளி வைத்து ஒரு பெரிய எண்ணெய்ப் படத்தை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். மாதக்கணக்கில் ஒரே வெயில் நிற்குமா? ஆகவே வெளியே போய் வேகமாக எதையாவது பிடித்துக்கொண்டு வர வேண்டும், பிறகு அறைக்குள் உட்கார்ந்து அதை எண்ணெயில் கட்ட வேண்டும். நீர்வண்ணம் வெறும் குறிப்பேடாகத்தான் உள்ளே வந்தது. அந்தக் குறிப்பேடுதான் போகப் போகத் தனிப் படமாக வளர்ந்தது.

சில வருஷம் முன்பு ஒரு கண்காட்சியில் சின்யாக்கின் நீர்வண்ணம் ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். ஒரு துறைமுகம், மூன்று படகுகள். பென்சில் கோடு துள்ளிக்கொண்டு ஓடுகிறது; பாய்மரக் கயிற்றை வரைய ஆரம்பித்து, கை எடுக்காமல் அப்படியே தண்ணீரில் அலையாகச் சுழன்று முடிகிறது. அதன் மேல் வண்ணம். வண்ணம் கோட்டுக்குள் அடங்கவே இல்லை. படகின் உடம்பு ஒரு ஆரஞ்சுத் தீற்றல், கோட்டைத் தாண்டி அரை அங்குலம் வெளியே வழிந்திருக்கிறது. தண்ணீர் என்று பார்த்தால், தனித்தனியாக நிற்கும் இருபது முப்பது நீலத் துண்டுகள். ஒவ்வொன்றும் தூரிகையை ஒரு முறை வைத்து எடுத்த அளவு. ஒன்றை ஒன்று தொடவில்லை. நடுவில் வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் அலை மேல் பட்ட வெயில். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கூசியது. தாளின் வெள்ளை எப்படிக் கண்ணைக் கூசவைக்கும்? அதைச் சுற்றி கோபால்ட் நீலத்தையும் மெல்லிய ஊதாவையும் நிறுத்தியிருந்த விதம்தான் காரணம். வேறு இடத்தில் அது வெறும் தாள். அங்கே அது ஒளி.

இதில் பௌதிகமும் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளைச் சாயத்தைக் கலக்க வேண்டும். கலந்தால் நிறம் பால் கலந்தாற்போல ஆகிவிடும். நீர்வண்ணத்தில் சாயம் ஒரு கண்ணாடிப் படலம் மாதிரி. வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியில் உள்ள வெள்ளைத் தாளில் மோதி, மறுபடி அதே படலத்தின் வழியாக வெளியே வருகிறது. சர்ச்சில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் எரிவது மாதிரி, தாள் உள்ளேயிருந்து எரிகிறது. எத்தனை மெல்லிய படலமோ அத்தனை ஒளி. படலமே இல்லாத இடம்தான் உச்சம். அதாவது நீர்வண்ணத்தில் உச்ச வெளிச்சத்தை நாம் தீட்டவே முடியாது. முதலிலேயே அதற்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டு, அதைச் சுற்றி நடமாட வேண்டும்.

வெள்ளை இடைவெளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, கை தெரிந்துகொண்டது. ஈர நீலத்தின் பக்கத்தில் ஈர ஆரஞ்சை வைத்தால் இரண்டும் தொட்ட இடத்தில் ஓடிப்போய்க் கலந்து சேறாகிவிடும். ஒன்று காயும்வரை காத்திருக்கலாம், ஆனால் வெயில் காத்திருக்காது. நடுவில் ஒரு நூலளவு உலர்ந்த தாளை விட்டுவிட்டால் தண்ணீர் அதைத் தாண்டி வராது. அந்த நூலளவு வெள்ளை ஒரு வரப்பு. ஈரம் காயாமலே அடுத்தடுத்து எதிர் வண்ணங்களை வைத்துக்கொண்டே போகலாம். பிற்பாடு அதே வரப்பு வெயிலாகவும் மாறிவிடுகிறது. புள்ளிகளைப் பொடியாக்கிக் கண்ணில் கலக்கவிடும் கணக்கெல்லாம் இதில் தேவையில்லை. தீற்றல் பெரிசு, நிறம் தூய்மை, நடுவில் வெள்ளை. ஷெவ்ரூலின் கூர்மை அப்படியே நிற்கிறது, ரூட்டின் சாம்பல் வரவில்லை. என் கட்சி இதுதான்: எண்ணெயில் விஞ்ஞானம் வாக்குக் கொடுத்த ஒளி, நீர்வண்ணத்தில் தாளின் தயவில் வந்து சேர்ந்தது.

சின்யாக் 1898-ல் லண்டன் போய் ஓவியர் டர்னரின் படங்களைப் பார்த்தார், அடுத்த வருஷம் தன் கூட்டத்தின் கொள்கையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். ஓவியர் டெலக்ருவா தொடங்கி நியோ இம்ப்ரஷனிசம் வரை ஒரு பரம்பரையை அதில் காட்டுகிறார். புள்ளி வெறும் கருவி, வண்ணங்களைப் பிரித்து வைப்பதுதான் நோக்கம் என்பதில் அவருக்கு ரொம்பப் பிடிவாதம். அந்தச் சமயத்தில் அவருடைய எண்ணெய்ப் படங்களிலும் புள்ளிகள் பெருத்துச் சதுரமாகிவிட்டன, மொசைக் கற்கள் மாதிரி. நீர்வண்ணத் தூரிகையின் பழக்கம் எண்ணெய்க் கைக்கும் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

குரோஸைப் பற்றிச் சொல்ல எனக்குத் தனியாக ஆசை. அவருடைய உண்மையான குடும்பப் பெயர் டெலக்ருவா. பெரிய ஓவியர் ஒருவர் ஏற்கெனவே அந்தப் பெயரில் இருந்ததால், 'சிலுவை' என்ற பொருளுள்ள அந்தப் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டு குரோஸ் ஆனார். வடக்கே துவே நகரத்தில் 1856-ல் பிறந்தவர், ஆரம்பத்தில் இருட்டான படங்கள் வரைந்தவர். மூட்டுவாதம் படுத்தியதால் 1891-ல் தெற்கே வந்தார், அடுத்த வருஷம் லெ லவாந்தூ பக்கத்தில் சான் கிளேர் என்ற சிற்றூரில் குடியேறி, கடைசிவரை அங்கேயே இருந்தார். பின்னாளில் கண்ணும் படுத்தியது. கைமுட்டி வீங்கி வலிக்கும் மனிதர் ஆயிரக்கணக்கில் புள்ளி வைப்பதை நினைத்துப் பாருங்கள். 'தங்கத் தீவுகள்' என்று அவர் வரைந்த எண்ணெய்ப் படம் பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே மணல், நடுவில் கடல், மேலே தீவுகளும் வானமும், எல்லாமே புள்ளிதான். கீழே பெரிய புள்ளி, மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். அழகுதான், ஆனால் அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது எனக்கு அவர் கைதான் ஞாபகம் வரும். பிற்காலத்தில் நீர்வண்ணத்துக்கு வந்தபோது அந்தக் கைக்கு விடுதலை கிடைத்திருக்க வேண்டும். அவருடைய நீர்வண்ணங்களில் சின்யாக்கின் துள்ளும் கோடு கிடையாது. இளஞ்சிவப்பும் நீலமும் பச்சையும் தாளில் தூவினாற்போல இருக்கும், பைன் மரத்தின் தலை பூச்செண்டு மாதிரி விரியும். 1910 மே 16-ம் தேதி, ஐம்பத்து நாலு நிறைய நாலு நாள் இருக்கும்போது, சான் கிளேரில் இறந்தார்.

போன அக்டோபரில் துலோன் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாக அந்தச் சான் கிளேருக்குத்தான் போனேன். இப்போது கடற்கரையை ஒட்டிக் கட்டடங்கள் வந்துவிட்டன. ஆனால் பிறை மாதிரி வளைந்த மணல் அப்படியே இருக்கிறது, பின்னால் மலை அப்படியே இருக்கிறது, எதிரே கடலில் அந்தத் தீவுகள் அப்படியே இருக்கின்றன. காலை எட்டரைக்கு மணலில் உட்கார்ந்தேன். கடற்கரை தெற்கே பார்த்தது. சூரியன் இடது பக்கம் கொஞ்சம் முன்னால். பைன் மரங்களின் நிழல் என்னை நோக்கி, வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. முந்தின நாள் மிஸ்த்ரால் அடித்து ஓய்ந்திருந்ததால் தீவுகள் தெளிவாகத் தெரிந்தன.

பெட்டியில் ஏழு வண்ணம்தான் கொண்டுபோயிருந்தேன்: கோபால்ட் நீலம், அல்ட்ராமரைன், விரிடியன் பச்சை, காட்மியம் மஞ்சள், காட்மியம் ஆரஞ்சு, ஒரு ரோஸ், கோபால்ட் ஊதா. பழுப்பும் கறுப்பும் இல்லை. நியோ இம்ப்ரஷனிஸ்டுகள் மண் நிறங்களைத் தங்கள் பலகையிலிருந்தே விலக்கியவர்கள். வானவில்லில் உள்ள நிறங்கள் போதும் என்பது அவர்கள் கொள்கை. பழுப்பு இல்லாமல் பைன் மரத் தண்டை எப்படி வரைவது என்று முதலில் எனக்குப் பயமாக இருந்தது. உற்றுப் பார்த்தால் தண்டில் பழுப்பே இல்லை. வெயில் பட்ட பக்கம் ஆரஞ்சு, சில இடத்தில் ரோஸ். மறுபக்கம் ஊதா. இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்றை வெறுமே விட்டேன். தண்டு உருண்டுவிட்டது!

பிறகு நிழல். மணலில் விழுந்த நிழலுக்குச் சூரியன் எட்டவில்லை, ஆனால் வானம் முழுக்க அதற்கு வெளிச்சம் தந்துகொண்டிருக்கிறது. நீல வானத்தின் வெளிச்சம் விழுந்தால் மணல் நீலமாகத்தானே தெரியும்? பக்கத்தில் வெயில் மணல் மஞ்சளாக இருப்பதால், ஷெவ்ரூல் சொன்ன கணக்குப்படி, அந்த நீலம் ஊதாப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது. எட்டாம் நம்பர் வட்டத் தூரிகையில் கோபால்ட் நீலத்தைத் தண்ணீராக எடுத்து ஒரு தீற்றல், அதன் பக்கத்தில் நூலளவு விட்டு ஊதா ஒரு தீற்றல், இலைகளின் சந்து வழியாக வெயில் ஓட்டை போட்ட இடங்களில் தாளை விட்டுவிட்டேன். மணலுக்கு ரொம்ப வெளிறிய மஞ்சள், அதுவும் நிழலின் ஓரத்தில் மட்டும். நடு மணலில் ஒன்றுமே இல்லை. நிழல் உட்கார்ந்ததும், எதுவுமே தீட்டாத அந்த மணல் சுடச்சுட வெயிலாகிவிட்டது. என் நெஞ்சு படபடவென்று அடித்தது நினைவிருக்கிறது.

கடலில்தான் தடுமாறினேன். சூரியனுக்கு எதிரே பார்ப்பதால் அலையெல்லாம் சில்லுச் சில்லாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கத்தை வரைய வேண்டும் என்ற ஆசையில் கை நிற்கவில்லை. இன்னொரு நீலம், இன்னொரு பச்சை என்று வைத்துக்கொண்டே போய், விட்டிருந்த வெள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், தாளில் நல்ல அடர்த்தியான நீலக் கடல் ஒன்று இருந்தது, அதில் சூரியன் இல்லை. பக்கத்தில் நாயோடு நடந்து போன ஒரு வயசான அம்மா நின்று பார்த்துவிட்டு, "மணல் அழகாக இருக்கிறது, மதாம்" என்றார். கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் சரி. நீர்வண்ணத்தில் மூடிய வெள்ளையை மறுபடி திறப்பது கஷ்டம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாலும் நீலத்தின் கறை தங்கும்.

அன்று மத்தியானம் இன்னொரு தாளில் கடலை மட்டும் வரைந்தேன். தீற்றல்களை எண்ணிக்கொண்டே வைத்தேன். நாற்பதோடு நிறுத்த வேண்டும் என்று எனக்கு நானே கட்டளை. முப்பத்தேழில் நின்றுவிட்டது. ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தது அதைப் பார்த்து நேற்று மறுபடி வரைந்தது.

1904 கோடையில் ஓவியர் மத்தீஸ் சான் த்ரோப்பேக்கு வந்து சின்யாக்கின் பக்கத்தில் தங்கி வேலை செய்தார், குரோஸோடும் பழகினார். அடுத்த வருஷமே கொல்யூர் என்ற இன்னொரு கடற்கரையில் ஃபோவிசம் என்ற புது ஓவியப் போக்கு வெடித்தது. அந்தக் கோடையைப் பற்றி எழுதுகிறவர்கள் புள்ளி ஓவியத்திலிருந்து மத்தீஸ் எப்படி வெளியேறினார் என்றுதான் எழுதுவார்கள். கொல்யூரில் அவர் வரைந்த படங்களில் தீற்றல்களின் நடுவே வெறும் கான்வாஸ் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது, சின்யாக்கும் குரோஸும் அவருக்கு வீட்டில் என்னென்ன நீர்வண்ணத் தாள்களைக் காட்டியிருப்பார்கள் என்று என் மனசு அவர்கள் வீட்டு அலமாரிப் பக்கம் போகிறது. இது என் ஊகம்தான், ஆனால் விட மனசில்லை.

சின்யாக் எழுபத்தொரு வயசு வரை வாழ்ந்தார். வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட படகுகள் வைத்திருந்தவர். அறுபத்தைந்தைத் தாண்டிய வயசில் கிளம்பி, 1929-லிருந்து 1931 வரை பிரான்சின் துறைமுகங்களையெல்லாம் சுற்றி நூறு துறைமுகங்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். காஸ்தோன் லெவி என்ற வியாபாரி செலவை ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு துறைமுகத்திலும் இரண்டு படம். ஒன்று லெவிக்கு, ஒன்று தனக்கு. எண்ணெய்ப் படத்துக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்த விஷயம், கடைசியில் அந்த மனிதரின் மிகப் பெரிய வேலையாகவே ஆகிவிட்டது. மழை நாளிலும் காற்று நாளிலும் துறைமுகத்தின் கல் சுவரில் உட்கார்ந்து தாளைத் தொடையில் வைத்து வரைந்துகொண்டிருக்கும் கிழவரை நினைத்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஒரே ஒரு வருத்தம். சூராவின் 'கிராந்த் ஜாத்' படத்தில் வெயில் பட்ட புல்லுக்கு அவர் வைத்த துத்தநாக மஞ்சள் சில வருஷத்திலேயே பழுத்துக் காவியாகிவிட்டது. நீர்வண்ணத்துக்கு வேறு ஆபத்து. அதை வெளிச்சமே தின்றுவிடும். மெல்லிய படலம் என்பதால்தான் அத்தனை ஒளி, மெல்லிய படலம் என்பதால்தான் அது சீக்கிரம் வெளுத்தும் போகும். ரோஸ் நிறங்கள் முதலில் போகும், தாள் மஞ்சளாகும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் நீர்வண்ணங்களை ஐம்பது லக்ஸ் வெளிச்சத்தில், மங்கிய அறையில், சில மாதம் மட்டும் மாட்டிவிட்டு, மறுபடி இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். நான் அந்தத் துறைமுகப் படத்தைப் பார்த்ததும் அப்படி ஒரு மங்கிய அறையில்தான். அந்த அறைக்குள் நுழைந்ததும் கண் பழக இரண்டு நிமிஷம் ஆயிற்று. பழகியதும், சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் திறந்து வெளியே வெயில் அடிப்பது மாதிரி இருந்தது.

ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் மறுபடி கேட்டாள். "அதை எங்கம்மா மாட்டப் போற? ஜன்னல் பக்கம் மாட்டேன், நல்லா வெளிச்சமா இருக்கும்."

"ஜன்னல் பக்கம் மாட்டினா ரோஸ் போயிடும்டி."

"அப்ப வெயில் படாம எங்க மாட்டுறது?"

அவளே ஒரு வழி சொன்னாள். தட்டு அடுக்கும் அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் நாலு பின் குத்தி மாட்டியிருக்கிறோம். காலையில் காபி டம்ளர் எடுக்கக் கதவைத் திறந்தால், சான் கிளேர் கடல், முப்பத்தேழு தீற்றல். எடுத்ததும் மூடிவிடுகிறோம்.